ஈரப் புளியங்குச்சி

அந்தச் சூளையில் வெடித்தது என் கலயம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மண் சரியில்லை, விறகு சரியில்லை என்று இனிமேல் யாரும் பேச வேண்டாம்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லையை எங்கே போடுவது என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம். நகரிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் கரியில் படம் வரைகிறவன். என்னோடு மெட்ராஸில் ஓவியம் படித்தவன் ஒருவன் அங்கேயே மண்ணில் கை வைத்து, பிறகு கையை எடுக்கவே இல்லை. நெசவுக்காரக் குடும்பம். என் தங்கையைக் கட்டியதால் எனக்கு மாப்பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சூளை கட்டியிருந்தான்.

அவன் செய்தது தண்ணீர்ப் பானை இல்லை. தோள் அகன்று கழுத்து ஒடுங்கிய ஜாடிகள், மேலே சாம்பல் நிற மெருகு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"இதுல இன்னாத்த ஊத்துவ?"

"ஒண்ணும் ஊத்தமாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு?"

"பாக்கறதுக்கு."

"நல்லா பாரு," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவன் அண்ணன்மார் மூன்று பேரும் தறியில் உட்கார்ந்து இவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டார்கள். இந்த வருஷத்தோடு மண்ணை விட்டுவிட்டுத் தறிக்கு வா என்று முடிவாகச் சொல்லியும் விட்டார்கள். அந்த நேரத்தில்தான் திருப்பதியில் ஒரு தொழிற்பள்ளியில் மண்வேலை கற்றுக்கொடுக்க ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. தானே செய்து தானே சுட்ட ஆறு உருப்படிகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால் மண். இல்லாவிட்டால் தறி. வேறு வழி அவனுக்கு இல்லை.

என் கரியும் அவன் சூளையில்தான் வெந்தது. காளஹஸ்தியில் துணியில் படம் எழுதுகிறவர்கள் செய்வதுபோல, புளியங்குச்சியைத் தோலுரித்துக் காயவைத்து, கலயத்தில் அடுக்கி, மூடியைச் சுற்றிக் களிமண் பூச வேண்டும். புகை போக விரல் நுழைகிற ஓர் ஓட்டை விட வேண்டும். சூளையில் ஒரு மூலை என்னுடையது. அங்கே நான் என்ன வைத்தேன் என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் என் கரி காகிதத்தில் தங்கவில்லை. ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி எல்லைக் கூட்டம் எங்கே நடந்தாலும் போனேன். சுவரெல்லாம் என் எழுத்து. கரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் புத்தூரில் ஊர்வலம், துணியில் எழுதித் தர வேண்டும். அவனோ திருப்பதிக்கான ஆறு ஜாடியையும் அடுக்கி, மறுநாள் காலையில் சூளை பற்றவைக்கப்போகிறான். நான் மரத்திலிருந்து பச்சைக் குச்சியை வெட்டி அப்படியே கலயத்தில் திணித்தேன். மூடி ஆடியது. கம்பி போட்டு முறுக்கிக் கட்டி, மேலே கனமாக மண்ணை அப்பினேன். ஓட்டை விடவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். விட நின்றால் அன்று சாயங்காலக் கூட்டத்துக்கு நேரமாகிவிடும்.

மறுநாள் உச்சிவேளையில் சூளைக்குள் ஒரு சத்தம். அவன் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான். சூளை ஆற இரண்டு நாள் ஆகும், அதற்கு முன் திறக்க முடியாது. இரண்டு நாளும் அவன் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தான். திறந்தபோது இரண்டு ஜாடி முழுசாக இருந்தது. நான்கு ஓடாகக் கிடந்தது. ஓட்டுக்குள்ளிருந்து முறுக்கின கம்பியை எடுத்தான்.

"மச்சான், இது இன்னா?"

"கம்பி."

"அது தெரியுது. குச்சி காஞ்சுதா?"

"இல்ல."

"பொகைக்கு ஓட்ட?"

"வுடல."

அவன் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ரெண்டு அடி அடித்திருந்தால் போயிருக்கும். என் தங்கைதான் பின்கட்டிலிருந்து கேட்டாள்: "ஏண்ணே, ஊர்வலம் போறதுக்கு எங்க வூட்டு ஜாடி மேலதான் நடந்து போவணுமா?"

உடைந்த நான்கையும் அதே அளவில் கரியில் வரைந்து தருகிறேன் என்றேன். அசட்டு யோசனை. வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியாது. ஓடுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து, இருந்த துண்டுக் கரியில் ஒரு பகல் முழுக்க வரைந்தேன். இருவரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம்.

தேர்வு செய்கிற பெரியவர் இரண்டு ஜாடியையும் நகத்தால் சுண்டிக் கேட்டார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு என் படங்களைப் பார்த்தார்.

"பொம்ம பாகுந்தி. குண்ட எக்கட?"

படம் நன்றாக இருக்கிறது, பானை எங்கே என்று கேட்கிறார். சூளையில் உடைந்துவிட்டது என்று இவன் சொன்னான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுடத் தெரியாதவனா பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறாய் என்றார் அவர். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில், வெடித்தது என் கலயம், தப்பு என்னுடையது என்றேன்.

"கண்டவன் கலயத்தை உன் சூளையில் எதற்கு வைத்தாய்?" என்று அவனைக் கேட்டார்.

"கண்டவன் இல்லைங்க, மச்சான்," என்றான் அவன். அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. பட்டியல் மூடப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, ஆறோடு வந்தால் பார்க்கிறேன் என்றார்.

வீட்டில் சுடாத ஜாடிகள் ஐந்து நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. அவை சூளைக்குத் தயாரான நாளும் புத்தூர் ஊர்வல நாளும் ஒன்றாக விழுந்தது. அவன் என்னைக் கூப்பிடவில்லை. நானே விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு என் கலயம் கிடையாது.

சூளைத் தீ சீராக ஏற வேண்டும். விறகை அவசரமாகத் தள்ளினால் ஜாடி விரிசல் விடும். எனக்கு உட்கார முடியவில்லை. ரோட்டில் வண்டி வண்டியாக ஆட்கள் கத்திக்கொண்டு போனார்கள். ஒருவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்துட்டு நீ அடுப்பு ஊதிக்கினு கீற?"

"போய்யா," என்றேன்.

"மெதுவா தள்ளு மச்சான்," என்றான் அவன். அன்று முழுக்க அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஐந்தில் நான்கு தேறியது. ஆறையும் வைக்கோலில் சுற்றி அவன் தனியாகக் கொண்டுபோனான். வேலை கிடைத்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குக் குடிபோனான்.

எல்லையைப் பிறகு போட்டார்கள். எங்கள் ஊர் ஆந்திரத்தில் நின்றது. ஊர்வலத்துக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டவர்கள் பலர். மாப்பிள்ளைக்கு உதவியாக இருந்தேன் என்று சொல்வேன். உள்ளபடி சொன்னால், விறகு தள்ளிய ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடிவிடத்தான் பார்த்தேன்.