எங்கள் வாசல் கேமராவின் பத்து விநாடி

மூன்று கார்த்திகை போய்விட்டது. ஒவ்வொரு கார்த்திகையிலும் இதை எழுத ஒரு நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவன், எழுத்து வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுதினால் நான் செய்தது என் கையெழுத்திலேயே நிற்கும். அந்தப் பயம்தான்.

போன வாரம் அந்தப் பயமும் போய்விட்டது. நான் கன்டெய்னர் யார்டில் கேட் வேலை பார்க்கிறேன். வெளியூர் டிரைவர் ஒருவர் சீல் சரிபார்க்க நின்றபோது தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத பாருங்க சார். எங்க ஊரு பக்கம் நடந்தது. குப்ப எடுக்க வர்ற பொம்பளைங்ககிட்ட உஷாரா இருக்கணும்."

பார்த்தேன். அவர் ஊர் இல்லை. என் வீட்டு வாசல். என் கேட், என் காம்பவுண்டு சுவர், சுவரில் என் மனைவி போட்ட மாவிலைத் தோரணம். எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வந்த அந்த அம்மா கையை நீட்டுகிறார், விளக்கை எடுக்கிறார், படம் முடிகிறது. பத்து விநாடி. அதை எடுத்தது என் கேமரா. ஊருக்கு அனுப்பியது நான்.

திருவொற்றியூரில் ஹைரோட்டுக்கும் ரயில்வே லைனுக்கும் நடுவில் எங்கள் தெரு. வாசலில் நிறுத்திய வண்டியில் இரண்டு முறை டியூப் போட்டு பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அதனால் கேமரா வாங்கினேன். யார்டில் எந்தத் தகராறு வந்தாலும் கேமராவைப் போட்டுப் பார்த்தால் வாய் அடங்கிவிடும். அதைத் தினமும் பார்க்கிறவனுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும். கேமரா சொன்னால் சொன்னதுதான் என்று நம்பினேன்.

இருப்பதிலேயே விலை குறைந்த கேமரா. மெமரி கார்டு தனியாக வாங்க மனம் வரவில்லை. பழைய போனில் கிடந்த சின்னக் கார்டைப் போட்டேன். இரண்டாம் நாளே நிரம்பிவிட்டது. காக்கை பறந்தாலும் நாய் போனாலும் எடுத்துத் தள்ளுகிறது. போனில் செய்முறை வீடியோ பார்த்துப் பார்த்து, கேமராவின் செட்டிங்கை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். ஏதாவது அசைந்தால் பத்து விநாடி மட்டும் எடுக்கும், அப்புறம் ஒரு நிமிடம் சும்மா இருக்கும். சத்தம் இடத்தை அடைக்கிறது என்று அதையும் நிறுத்தினேன். இப்போது ஒரு வாரத்துக்குத் தாங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். காலையில் கேமராக் கண்ணாடியில் படியும் கரித்தூளை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, ஐயப்பனையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

அந்த வருடம் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். பதினோராவது மலை. தெருவில் எல்லோரும் என்னைச் சாமி என்றார்கள். குப்பை வண்டி ஓட்டி வரும் அந்த அம்மாவும்தான். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து விடியும் முன்பே கிளம்பி வருவார். பேட்டரி வண்டியை நிறுத்தி, "சாமி, மக்குறது மக்காதது பிரிச்சி வச்சிகீறியா, இல்ல எல்லாத்தியும் ஒரே மூட்டையா கட்டி அந்த ஐயப்பன் தலையில போட்டியா" என்று கேட்பார். என் மனைவி சிரிப்பாள். ஐந்து வருடமாக எங்கள் தெருவுக்கு அவர்தான்.

தீபத்துக்கு முதல் நாள். என் மனைவி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்து, காம்பவுண்டு சுவர்மேல் வெயிலில் வைத்திருந்தாள். வானம் மூடியதும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தாள். ஒன்றை விட்டுவிட்டாள். அது அவள் தாய்வீட்டுக் காமாட்சி விளக்கு. மழை விட்டபின் பார்த்தால் சுவரில் இல்லை.

சாயங்காலம் நான் வந்ததும் கேமராவைப் பார்த்தோம். அந்த அம்மா வண்டியை நிறுத்துகிறார். வானத்தைப் பார்க்கிறார். வீட்டைப் பார்க்கிறார். வாய் அசைகிறது. கை நீள்கிறது. விளக்கை எடுக்கிறார். அதோடு நிற்கிறது. அடுத்த துண்டில் வண்டி தெருமுனையில் திரும்புகிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து வீட்டில் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். அவரையும், தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அங்க இங்க நோட்டம் வுடுது பாரு," என்றார் ஹார்பர்காரர். "பாட்டு வேற பாடிக்கினே தூக்குது. இன்னா தில்லு நைனா அதுக்கு."

அண்ணாச்சி தெக்கத்திக்காரர். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பை அவர்தான் நடத்துகிறார். "சாமி, இத குரூப்ல போட்டு விடுங்க. நாலு பேரு சூதானமா இருப்பாவல்லா," என்றார்.

போட்டேன். முதல் துண்டை மட்டும். கீழே, "சாமி சத்தியமாக இது என் வீட்டில் நடந்தது" என்றும் எழுதினேன். முதலில் அனுப்பினேன், அப்புறம்தான் அந்த அம்மாவைக் கேட்டேன். இந்த வரிசையை மாற்றிச் சொல்லிப் பலரிடம் தப்பித்திருக்கிறேன். இங்கே மாற்றப்போவதில்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. கேட்டிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"நான் எட்து உள்ள வச்சேனே சாமி," என்றார். "மய வர்துக்கா, வெளக்க உள்ள வக்கிறேன்னு கொரலு குட்த்தேன். வூட்ல மிக்ஸி ஓடிக்கினு இர்ந்துச்சு."

"கேமராவுல எல்லாம் கீதும்மா. பொய் சொல்லாத."

"கேமரா கீதா? அப்ப போட்டுக் காட்டு. நான் வச்சதும் இருக்கும்ல."

காட்டினேன். விளக்கைக் கையில் எடுத்ததோடு படம் நின்றது. அவர் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மீதி எங்க சாமி?"

"அவ்ளோதான்."

"இன்னா அவ்ளோதான். எட்த்தத புடிச்சுது, வச்சத ஏன் புடிக்கல?"

குரலை உயர்த்தினேன். தெரு கூடியது. "ஒரு கற்பூரம் குடு சாமி, உன் வாசல்லியே அணைச்சி சத்தியம் பண்றேன்," என்றார். "மாலை போட்ட எடத்துல அதெல்லாம் வேணாம், கெளம்பு," என்றேன். முந்தின நாள் சத்தியத்தை வாட்ஸ்அப்பில் நான் வாரி இறைத்திருந்தேன். அவர் கேட்டபோது மட்டும் மாலை குறுக்கே வந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாளில் வேறொரு பெண் வண்டி ஓட்டி வந்தார். குப்பை காண்டிராக்டுக்காரர்களின் சூப்பர்வைசர் போனுக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. விசாரணை ஒன்றும் இல்லை. சாமி சொல்லியிருக்கிறார், கேமராவில் இருக்கிறது, போதாதா.

நான் இருமுடி கட்டி மலைக்குப் போனேன். பதினெட்டுப் படியும் ஏறினேன். நெய்யபிஷேகம் பார்த்துக் கண்ணீர் விட்டேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

போகியன்று வீடு கழுவினோம். கேட்டுக்கு உள்பக்கம் சுவரை ஒட்டித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் ஒன்று நிற்கும். அதைக் காலி செய்து நகர்த்தினேன். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் காமாட்சி விளக்கு, பச்சை பூத்துப்போய்க் கிடந்தது. அந்த அம்மா சுவருக்கு மேலே கையை விட்டு டிரம் மூடிமேல் வைத்திருக்கிறார். அது வழுக்கிப் பின்னால் விழுந்திருக்கிறது.

என் மனைவி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாம தேடவே இல்லியேங்க," என்றாள்.

தேடவில்லை. கேமரா இல்லாத வீடாக இருந்தால் டிரம்மைத்தான் முதலில் நகர்த்தியிருப்போம். கட்டிலுக்கு அடியில் பார்த்திருப்போம், பரணில் பார்த்திருப்போம். கேமரா இருந்ததால் ஒரு இடத்திலும் தேடவில்லை. வானத்தைப் பார்த்தது மழைக்காக. வாய் அசைந்தது என் மனைவியைக் கூப்பிட. எல்லாம் அந்தப் பத்து விநாடியிலேயே இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

விளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் எர்ணாவூருக்குப் போனோம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் என் கழுத்தைத்தான் பார்த்தார்.

"இன்னா சாமி, மாலைய கயட்டிட்டியா."

கையெடுத்துக் கும்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். விளக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி நீட்டினாள்.

"இத்த நான் வாங்கிக்கினா, அப்ப அந்த படம் நெசமா பூடும். எட்துக்கினு போ தாயி." பிறகு என்னைப் பார்த்தார். "மன்னிப்புலாம் உன் சாமிகிட்ட கேளு. எந்த குரூப்ல போட்டியோ அதே குரூப்ல போடு. சூப்பர்வைசராண்ட வா, வந்து உன் வாயால சொல்லு. நான் கேக்குறது வேல. எனக்கு என் வேல வேணும்."

அன்றே குரூப்பில் எழுதினேன். விளக்கின் படத்தையும் போட்டேன். மூன்று பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். அந்த வீடியோ போன எல்லா இடத்துக்கும் இதையும் அனுப்புங்கள் என்று அண்ணாச்சியிடம் நேரில் போய்க் கெஞ்சினேன்.

"பொருள் கெடச்சிட்டுல்லா, சந்தோசம். விடுங்க. இதெல்லாம் யாரு பாப்பாவ," என்று பருப்பு நிறுக்கத் திரும்பிவிட்டார்.

திருட்டு என்றால் பார்ப்பார்கள். திருடவில்லை என்றால் யார் பார்ப்பார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவரை வலிய வரவழைத்துக் காட்டியவன் நான்தானே.

சூப்பர்வைசரிடமும் அந்த அம்மாவோடு போய் நின்றேன். "லிஸ்ட்ல வேற ஆள் ஏறியாச்சு சார். நீங்க அன்னிக்கே நல்லா பாத்துட்டு சொல்லியிருக்கணும்," என்றார். அவர் மேல் எரிந்து விழவும் எனக்கு யோக்கியதை இல்லை. நாலு முறை போனேன். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த அம்மா இப்போது காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போகிறார். விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருக்கிறது.

அதன்பிறகு நான் மாலை போடவில்லை. தினமும் விளக்கு ஏற்றிக் கும்பிடுகிறேன். அந்தக் காமாட்சி விளக்கை மட்டும் ஏற்றுவதில்லை. கேமராவுக்குப் பெரிய கார்டு போட்டுவிட்டேன். இப்போது இடைவிடாமல் எடுக்கிறது, சத்தத்தோடு. யாருக்கு என்ன பிரயோஜனம்.

போன வாரம் அந்த டிரைவரிடம், "இது என் வீடு. அந்தம்மா திருடவில்லை," என்றேன். அவர் சிரித்தார். "அட போங்க சார், படத்துலயே தெரியுதே," என்றார். நானும் அன்று அந்த அம்மாவிடம் அதையேதான் சொன்னேன். சீலைச் சரிபார்த்து டிரைவரின் வண்டியை அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இந்த முறை மூடவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் போனிலும் அந்தப் பத்து விநாடி வந்திருக்கலாம். வந்த வழியிலேயே இதையும் அனுப்புங்கள். நீளமாக இருக்கிறது என்று நறுக்காதீர்கள். நான் மாலையோடு பொய்ச்சத்தியம் செய்ததை எடுத்துவிட்டு, விளக்கு கிடைத்ததை மட்டும் அனுப்பாதீர்கள். சாமி மனம் திருந்தினார் என்று மேலே ஒரு தலைப்பு ஒட்டாதீர்கள். எழுதியது எழுதியபடி போகட்டும். சுற்றிச் சுற்றி ஒருநாள் இது அந்த அம்மாவின் போனுக்கும் போகும். வாங்கிப் பார்த்துவிட்டு அவர், "மீதி எங்க சாமி?" என்று அதே கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது.