கல்யாணத்தோடு நின்றுபோன வரிகள்

அப்பாவின் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அது தனக்கும் வருமோ என்ற பயம் என் தங்கையை இரண்டு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வயது முப்பத்தாறு.

ஆடி மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, காலை பத்தேகாலுக்குத் தஞ்சாவூரில் பரம்பரை நோய்களைக் கணிக்கும் மரபியல் ஆலோசகர் முன் உட்கார்ந்தோம். நாலு தலைமுறைக்குப் பிறந்த நாள், நட்சத்திரம், இறந்த திதி எல்லாம் எழுதிய என் குறிப்பேட்டைப் பெருமையாக நீட்டினேன். அந்த அம்மா புரட்டிப் பார்த்தார்.

"சார், பொம்பளைங்க எல்லாரும் கல்யாணத்தோட நின்னுட்டாங்களே?"

உண்மைதான். வேறு வீட்டுக்குப் போனவர்கள் என்று அவர்கள் வரியை அங்கேயே முடித்திருந்தேன். அப்பா வழியாகவும் இது வரலாம். யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று தெரிந்தால்தான் கணிக்க முடியும் என்றார் அவர்.

வியாழனன்று இருவரும் திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறினோம். அப்பாவின் தங்கை, எங்கள் சின்ன அத்தை, அங்கே இருக்கிறார். தங்கை முந்திக்கொண்டு என் குறிப்பேட்டின் லட்சணத்தைச் சொல்லிவிட்டாள்.

"என்னைத் தாலி கட்டினதோட முடிச்சிட்டியாடா? இன்னும் நடவுக்கு நான்தான் வயல்ல நிக்கிறேன்!" என்றார் அத்தை.

இறந்துபோன பெரிய அத்தைக்கு நோய் கண்டது அவர் மகன் பத்தாவது பரீட்சை எழுதிய வருடமாம். கணக்குப் போட்டேன்: நாற்பத்தொன்று. அத்தை வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் வந்துச்சு. நாப்பத்தெட்டுல. வயித்து ஆபரேஷன்னு சொல்லிவச்சேன். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தோம்ல."

தங்கை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த வயதையும் குறித்துக்கொண்டேன். வாசலுக்கு ஓடிப்போய் ஆலோசகருக்குப் போன் போட்டேன்.

"அவங்க இருக்காங்களா? அப்ப முதல்ல அவங்களுக்குத்தான் டெஸ்ட். நோயைக் கொண்டுவர்ற மரபணு மாற்றம் கிடைச்சா, அதே மாற்றத்தைத் தங்கச்சிகிட்ட தேடலாம்!" அவர் குரலிலும் அதே பரபரப்பு.

சனிக்கிழமையே அத்தை தனியாகப் பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது: மாற்றம் இருந்தது. அன்றே மகளுக்குப் போன் போட்டு, இத்தனை வருடம் மறைத்ததைச் சொன்னார். அடுத்துத் தங்கைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த செவ்வாய், அவள் காகிதத்தை என்னிடமே தள்ளினாள். "நீயே படி." இல்லை! அந்த மாற்றம் அவளிடம் இல்லை. அம்மா பக்கமும் யாருக்கும் நோய் இல்லாததால், மற்றப் பெண்களுக்கு உள்ள அளவு அபாயம்தான். வயதுக்கேற்ற பரிசோதனைகள் போதும் என்றார் ஆலோசகர். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். ஆலோசகர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் அதே அப்பாவோட பிள்ளைதானே? உங்களுக்குப் பொண்ணு இருக்குல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள்.

"உக்காருண்ணே."