அத்தை நின்ற பூசை

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்காலம் முடிகிற நேரம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தை, அப்பாவுக்கு அக்கா. ஜெயங்கொண்டம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரை முன்பே இழந்தவள். இருந்த ஒரே மகனையும் அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி கொண்டுபோயிற்று. அவனுக்கு என் வயதுதான். ஒரு துணிமூட்டையோடு வண்டியை விட்டு இறங்கியவள் அழவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அம்மா கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கு அருகே. அப்பா வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிறு பூசையில் பள்ளிப் பையன்களை வரிசையாக உட்காரவைத்துச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் பூசைக்குப் போகாமல் இருக்க முடியாது.

அத்தையும் வந்தாள். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பாள். ஆனால் கோயிலுக்குள் நுழைந்ததும் பின்சுவரை ஒட்டி நின்றுவிடுவாள். ஜெபத்துக்கு வாய் திறப்பதில்லை. நெற்றியில் சிலுவை வரைவதில்லை. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்துக் கோயிலே முழந்தாளிட்டுத் தலை குனியும்போது அவள் மட்டும் பனைமரம்போல நேராக நின்று பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் தலை குனியாமல் திரும்பிப் பார்த்ததால்தான் இது எனக்குத் தெரியும்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஒருநாள் அப்பாவை நிறுத்தி, "வாத்தியார் வூட்லயே இப்புடின்னா மத்தவங்கள நான் என்னன்னு கேக்குறது?" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். அம்மாதான் பயந்துபோனாள். பள்ளிக்கூடம் கோயிலுடையது. சாமியார் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும்.

"அண்ணி, சும்மா பேருக்காவது முட்டி போட்டுட்டு எந்திரிச்சிடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"பேருக்குப் போட்டா ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை.

அடுத்த ஞாயிறு பூசை தொடங்குமுன் உபதேசியார் முன்னால் வந்து நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல், "எழுந்தேற்றத்துக்கு முட்டி போட முடியாதவங்க வெளியில நின்னுக்கலாம்" என்று அறிவித்தார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், வாசலுக்கு நேரே மணலில் நின்றாள். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். போகவில்லை.

சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்தார். பையன்களைத் தாண்டி, உபதேசியாரைத் தாண்டி வெளியே நடந்தார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. அப்பா போனதும் பையன்கள் ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்கினார்கள். பீடத்தில் மணி அடித்தபோது நான் வாசலைப் பார்த்தேன். வெயில் ஏறிய மணலில் அப்பா முழந்தாளிட்டிருந்தார். பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மானமே போனது போலிருந்தது.

"கூடப் பொறந்தவங்கன்னா கூடப் போயி நிக்கணுமா? நாளைக்கு வேலை போச்சுன்னா நம்ம கூட யாரு நிப்பா?" பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அப்பா முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் சாமியாரே வாசலுக்கு வந்துவிட்டார். கூட்டம் கலையாமல் நின்றது.

"தோத்திரம் சாமி" என்றார் அப்பா.

"வாத்தியாரே, பையனுங்க உள்ள ஒரே அட்டூழியம். எனக்குப் பூசையில பாதி மறந்துபோச்சு" என்ற சாமியார், அத்தையிடம் திரும்பினார். "நீ ஏம்மா வெளிய நிக்கிற? காலு வலியா?"

"இல்ல சாமி. எம் மவன எடுத்துக்கிட்டாரு. அவரு முன்னால மண்டி போட மனசு வரல."

கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். சாமியார் வயதானவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சரிம்மா. உள்ள வந்து நில்லு. இங்க வெயிலு" என்றார். அவ்வளவுதான். காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அப்பாவின் வேலை போகவில்லை. அந்த வருஷம் முழுவதும் அத்தை பின்சுவரோரம் நின்றாள். உபதேசியார் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மறுவருஷம் முந்திரி பூத்திருந்தபோது ஒரு ஞாயிறு, எழுந்தேற்ற மணி அடித்ததும் வழக்கம்போலத் திரும்பினேன். சுவரோரம் அத்தையைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குனிந்த தலைகளுக்கு நடுவே அவள் தலையும் இருந்தது.

திரும்பும் வழியில் அவளோடு சேர்ந்து நடக்க ஓடினேன்.

"ஆண்டவரு மேல கோவம் போயிடுச்சா அத்தே?"

"போவல."

"பின்ன ஏன் முட்டி போட்டீங்க?"

"நின்னு நின்னு காலு ஓஞ்சி போச்சு. அவருகிட்ட இன்னும் சொல்றதுக்கு இருக்கே."

"கோவமா இருந்துக்கிட்டு எதுக்கு வாராவாரம் இம்மாந் தூரம் வந்தீங்க?"

"அவரு மேல கோவம். அவருகிட்டதானே வரணும்?" என்று சொல்லிவிட்டு அத்தை முன்னால் நடந்தாள்.

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. அந்த வாரம் எனக்கும் பக்கத்துத் தெருத் தோழிக்கும் சண்டை. அவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று, அவள் வீட்டு வழியை விட்டு ஏரிக்கரையெல்லாம் சுற்றித்தான் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.