ஜெர்மனி ஓட்டுக்கு மஞ்ச தடவுனேன்

வந்து காலு நீட்டல, அதுக்குள்ள "என்னாச்சு, என்னாச்சு"ன்னு ஏன்டி நச்சரிக்கிற? ஒனக்கு வேற வேலையே இல்லையா? சரி, கேளு.

புதுக்கோட்டைத் தபாலாபீசுல நிக்கிறோம். எம் பேரன் பொண்டாட்டி ஹன்னா ஜெர்மன்காரி. அவ ஊரு தேர்தலுக்குத் தபால் ஓட்டு அனுப்ப வந்துருக்கா. அவ தொகுதில காலங்காலமா ஒரே கட்சிதான் ஜெயிக்குமாம். போன தடவ கொஞ்ச ஓட்டுல கவுந்துருச்சாம். அதான் இந்த ஒத்த ஓட்டுக்கு அம்புட்டுப் பதறுறா.

எங்கிட்டக் கவரைக் குடுத்துட்டு அவ பேனா தேடுறா. நல்ல காரியமாச்சேன்னு சுருக்குப்பை மஞ்சள எடுத்து நாலு மூலையிலயும் தடவிப்புட்டேன். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவமாட்டோமா?

"ஐயோ அப்பத்தா! அடையாளம் வச்சா ஓட்டு செல்லாது!" அவளுக்கு மொகம் வெளுத்துருச்சு. வெள்ளைக்காரி, இன்னும் எங்கிட்டு வெளுக்க?

கவுண்டர்ல இருக்க அம்மா கவரைத் திருப்பிப் பாக்குது. "உள்கவர்ல பட்டுச்சாங்க?"

"இல்ல, அது தனியா ஒட்டி இதுக்குள்ள இருக்கு"ங்கிறா ஹன்னா.

"அப்பப் பயப்படாதீங்க. நம்மூரு தபால் ஓட்டும் ரெண்டு கவருதான். உள்கவரு சுத்தமா இருந்தாச் சரி."

டம்முன்னு முத்திரை விழுது. ஹன்னாவுக்கு மூச்சு வருது.

நம்ம திருவரங்குளத்துல எறங்கி வர்ற வழியிலயே அக்கம்பக்கத்துல சொல்லிப்புட்டேன்: "அந்தத் தொகுதி இந்தத் தடவ நம்ம கையிலதான்டி!" எந்தக் கட்சின்னுதான் அவ கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லல.