மத்தலேனாவின் இடது தோள்

மத்தலேனா விசிலை ஊதினால் பவளத்திட்டைத் தாண்டிப் போன சுறாகூடத் திரும்பி வந்து காது கொடுக்கும் என்று வாய்மோலி கிராமத்தில் சொல்வார்கள். சுறா விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பன்றி விஷயம் உண்மை. மாதர் கமிட்டி சுற்றிவரும் நாளில் அந்தச் சத்தம் கேட்டதும் ஊர்ப் பன்றிகள் தாமாகவே எழுந்து, முற்றங்களைக் காலி செய்துவிட்டு, வாழைத்தோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முற்றத்தில் பன்றி நின்றால் அபராதம் என்பது அவற்றுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

சவாயி தீவின் அந்தக் கடலோர ஊரில் மத்தலேனா பெரிய இடத்துப் பெண் இல்லை. புருஷன் சாமு குலத்தலைவன் என்ற பட்டம் வாங்காதவன்; பட்டக்காரர்கள் கூடிப் பேசும்போது பின்னால் அடுப்பில் கிழங்கு அவிப்பவன். கமிட்டியின் பதவிகளெல்லாம் பட்டக்காரர்களின் மனைவிமாருக்குப் போய்விட, இவளுக்குக் கிடைத்தது விசிலும் தராசும். நுரையீரலைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

கொடுத்ததை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய முதல் குழந்தை லோசா, கிணறுகளுக்கு மூடியில்லாத நாளில் பிறந்தவள். வயிற்றுப்போக்கு கண்டது. ஒருநாள் காலையிலிருந்து குழந்தையின் துணி நனையவேயில்லை. போக்கு நின்றுவிட்டது என்று மத்தலேனா கடவுளுக்கு நன்றி சொன்னாள். உடம்பில் நீரே வற்றிவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதும் முன்பு லோசா போய்விட்டாள். அதன் பிறகுதான் மாதர் கமிட்டி வந்தது, கிணறுகளுக்கு மூடி வந்தது. அடுத்துப் பிறந்தவையெல்லாம் தேங்காய்போல உருண்டு வளர்ந்தன. அன்றிலிருந்து கமிட்டி அவளுக்கு இரண்டாவது தேவாலயம்.

மாதம் ஒருநாள், ஒரே நீலத் துணியில் தைத்த சீருடையும் வெள்ளை ஓலைத் தொப்பியுமாகப் பெண்கள் வீடுவீடாக வருவார்கள். படுக்கை, பானை, கிணறு, கக்கூஸ் எதுவும் தப்பாது. வாய்மோலிக்காரர்களும் லேசுப்பட்டவர்களா? இரண்டு ஆமைகள் பூவேலை செய்த ஒரு படுக்கை விரிப்பு ஊரில் இருந்தது. முதல் வீட்டில் கமிட்டி அதைப் பார்த்து மெச்சிவிட்டு வெளியே வரும். அதற்குள் ஆமைகள் கொல்லைப்புறமாக அடுத்த வீட்டுக்கு ஓடிப் படுக்கையில் ஏறிக்கொள்ளும். உலகத்தில் கமிட்டியைவிட வேகமாக ஓடிய ஆமைகள் அவை மட்டும்தான். மத்தலேனாவுக்கு எல்லாம் தெரியும். அந்தச் சாக்கிலாவது வீடு கூட்டுகிறார்களே என்று கண்டுகொள்ள மாட்டாள்.

கடைசியில் எல்லாரும் ஈரப்பலா மரத்தடிக்கு வருவார்கள். கிளையில் தராசு தொங்கும். துணித்தூளியில் குழந்தையை வைத்து மத்தலேனா எடையைக் கூவுவாள். ஏறியிருந்தால் கைதட்டல். இறங்கியிருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி மீன் டப்பா அபராதம். அதையாவது கட்டிவிடலாம். அதற்குமேல் ஒரு பாட்டு உண்டு. இளைத்த குழந்தையின் வீட்டைக் கிண்டல் செய்து, பானைமூடியைத் தாளம் தட்டி, ஊரே சிரிக்கப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளைக் கட்டுகிறவளும் மத்தலேனாதான். நன்றாகவே கட்டுவாள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கேட்டு வாங்கிப்போவார்கள்.

அந்த மாதம் முதலில் வந்தவன் ஃபேத்துவின் மகன் சொலொமோனா. கீழே இரண்டு பல் முளைத்த கொழுக்கட்டை. அவனுக்கு ஒரு வழக்கம்: தூளியில் வைக்கத் தூக்கியதும் குறி தவறாமல் மத்தலேனாவின் இடது தோளில் மூத்திரம் பெய்வான். அன்றும் பெய்தான். பெண்கள் சிரித்தார்கள், எடை ஏறியிருந்தது, கைதட்டினார்கள்.

கூட்டம் கலையும் நேரத்தில் இலேனி வந்தாள். வேறு ஊரிலிருந்து வாழவந்த பெண். புருஷன் நியூசிலாந்தில் தொழிற்சாலை வேலை. மாமியாரும் அவனோடு போய்விட்டாள். வீட்டில் காது கேட்காத மாமனார் மட்டும். இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள்.

"ஃபிலெமோனிக்குச் சளி அக்கா. காத்துப் படக்கூடாது."

மத்தலேனா தூக்கினாள். இடது தோளில் சுடச்சுட நனைந்தது. அதே கோணம், அதே வேகம், கடைசியில் அதே இரண்டு சொட்டு. துண்டு விலகியது. கீழ்ப்பல் இரண்டும் தெரிய சொலொமோனா அவளைப் பார்த்துச் சிரித்தான். இலேனியின் முகம் சாம்பலாகியது. மத்தலேனா துண்டை மறுபடி இழுத்துவிட்டு, பெரிய எடையைப் பெரிய குரலில் கூவினாள்.

வீட்டுக்கு வந்து சாமுவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அந்தக் காலத்து ராஜா சொலொமோன்கிட்ட ரெண்டு அம்மா, ஒரு புள்ளைனு வழக்கு வந்துச்சு. நம்ம சொலொமோனாவுக்குப் பாரு, ஒரே புள்ள, ரெண்டு அம்மா, ரெண்டு தடவை எடை."

சாமு தேங்காய் துருவிக்கொண்டே கேட்டான். "விரிப்பக் கடன் வாங்குவாங்க, பானையக் கடன் வாங்குவாங்க. புள்ளையையுமா?"

"விரிப்ப எதுக்கு வாங்கறாங்க? தன்னோடது கிழிஞ்சு கிடக்கு, அதான்..."

சாமு நிமிர்ந்து பார்த்தபோது அவள் முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

வாய்மோலி வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூணும் கூரையும்தான், மழைக்கு மட்டும் ஓலைத்தட்டிகளை இறக்குவார்கள். இலேனி வீட்டில் வெயில் கொளுத்தும் நேரத்தில் எல்லாத் தட்டிகளும் இறங்கியிருந்தன. கொடியில் இலேனியின் துணிகள் காய்ந்தன, கிழவனுடையவை காய்ந்தன. குழந்தைத் துணி ஒன்றுகூட இல்லை. நின்றுகொண்டு பேசுவது மரியாதையில்லை என்பதால் மத்தலேனா வீட்டுமுன் கூழாங்கல் பரப்பில் உட்கார்ந்தாள்.

"இலேனி, துணி நனையுதா?"

அவள் தட்டியை விரலால் சுண்டினாள்.

"தங்கச்சி, உன்னத்தான். புள்ள துணிய நனைக்கறானா?"

"காலையில கொஞ்சம்." குரல் தட்டிக்கு மிக அருகில் வந்தது. "பால் வத்திடுச்சுக்கா. டப்பாப் பால் தீரக்கூடாதுன்னு தண்ணி கலந்து குடுத்தேன். விடிஞ்சா பஸ்ஸுல எங்கம்மா ஊருக்குப் போயிடறேன். பாட்டு மட்டும் கட்டாதீங்க. அவருக்கு நியூசிலாந்து வரைக்கும் எழுதிடுவாங்க."

அம்மா ஊர் தீவின் அந்தக் கோடி. பகல் முழுக்கப் புழுதியும் வெயிலும். இலேனி மட்டும்தான் போய்ச் சேர்வாள், குழந்தை தாங்காது என்று மத்தலேனாவுக்குத் தெரிந்தது. அவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மடியில் செருகினாள். இளநீர் வெட்டிவந்து தட்டியோரம் வைத்தாள்.

"ஒவ்வொரு கரண்டியா குடு. துப்பினாலும் விடாதே."

தட்டிக்கடியில் ஒரு கை வந்தது. இளநீர் உள்ளே போனது. தட்டி உயரவில்லை.

சாமுவைக் குதிரையில் ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டு, அவள் கமிட்டித் தலைவி செபேலாவிடம் போனாள். செபேலா பெரிய பட்டக்காரரின் மனைவி. உடம்பும் வாக்கும் கனம். முழுவதையும் கேட்டுவிட்டு விசிறியை மடக்கினாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நாலு பேரு போங்க. தட்டியத் தூக்குங்க, புள்ளைய வாங்குங்க. அவளுக்கு ரெண்டு பெட்டி போடு."

"வாங்கிடலாம் அம்மா. அடுத்த தடவ அடுத்த வீட்டுல தட்டிய இன்னும் இறுக்கிக் கட்டுவாங்க."

"அப்போ என்னதான் செய்யணுங்கறே?"

"பாய்க்கடியில உட்காரணும்."

செபேலாவின் கண்ணாடி மூக்குநுனிக்கு வந்துவிட்டது. அந்தத் தீவில் ஒரு குடும்பத்து ஆள் இன்னொரு குடும்பத்து ஆளைக் கொன்றுவிட்டால், கொன்றவனின் பட்டக்காரர்கள் விடியலில் போய், தலைமேல் கையால் நெய்த விலையுயர்ந்த நெய்பாயைப் போர்த்தி, எதிராளி வீட்டுமுன் குனிந்து உட்காருவார்கள். அடுப்புக் கல்லும் விறகும் கொண்டுபோவார்கள். வேண்டுமானால் எங்களை இந்த அடுப்பிலேயே சுட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எதிராளி வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. கத்தியோடு வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது.

"கொல விழுந்தா ஆம்பளைங்க செய்யற காரியம்டி அது. இங்க யாரு செத்தா?"

"யாரும் சாகல அம்மா. அதுக்கு முன்னாடி உட்காரலாம்னுதான் கேக்கறேன்."

"பைத்தியம் புடிச்சிடுச்சு உனக்கு. வீட்டுக்குப் போ."

பிரார்த்தனைச் சங்கு ஊதியது. அவள் வீட்டுக்குப் போனாள். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த, பட்டுபோல மெத்தென்ற ஒரே நெய்பாயைப் பரணிலிருந்து இறக்கினாள்.

விடியலில் இலேனி வீட்டுமுன், பஸ்சுக்குப் போகும் பாதையை மறித்து உட்கார்ந்தாள். விறகை முன்னால் வைத்துப் பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். பாய்க்குள் அவளுடைய முழங்காலும் ஓர் எறும்பு வரிசையும் மட்டும் தெரிந்தன. தட்டிக்குப் பின்னால் மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. சொந்தப் பாட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. எவ்வளவு நல்ல பாட்டுகள். ஒன்றைக்கூட இப்போது முணுமுணுக்க முடியவில்லை.

கூழாங்கல் நறநறத்தது. யாரோ பெருமூச்சோடு பக்கத்தில் உட்கார, பாயின் ஓரம் தூக்கப்பட்டது. தேங்காயெண்ணெய் வாசனை.

"நகரு. உன் பாய் சின்னது, நான் பெருசு," என்றாள் செபேலா.

"அம்மா, நீங்களா..."

"பேசாதே. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. நான் பெத்ததுல ரெண்டு மண்ணுல இருக்குன்னு இந்த ஊருல எவளுக்குத் தெரியும்? எனக்கு யாரும் பாட்டுக் கட்டல, பட்டக்காரர் பொண்டாட்டின்னு."

மறுபடி கூழாங்கல் நறநறத்தது. மறுபடி. இன்னொரு பாய் வந்து இந்தப் பாயோடு ஒட்டிக்கொண்டது; அதோடு இன்னொன்று.

"யாருடி அது, முழங்கையால விலாவக் குத்தறது?"

"நான்தான் ஃபேத்து. சொலொமோனாவும் இருக்கான். பாத்து உட்காருங்க."

"எந்தத் தோள் பக்கம் இருக்கான்?"

பாய்களுக்கடியில் அடக்கிய சிரிப்பு அலைபோல ஓடி ஓய்ந்தது. மத்தலேனா ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். வாய்மோலியின் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நீலச் சீருடை, குனிந்த முதுகுகள், மேலே பொன்னிறப் பாய்கள், வெயில் பட்டு ஒரே பாயாக முற்றம் முழுவதும். தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் வைத்துக் காத்த பாய்கள். இரண்டு கிழவிகளுக்கு நெய்பாய் இல்லை. ஆமை விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் வந்தது. ஹாரன் அடிக்கப் போன ஓட்டுநர் பார்த்தான், என்ஜினை நிறுத்தினான், இறங்கிப் புல்லில் சம்மணமிட்டான். பயணிகளும் இறங்கி உட்கார்ந்தார்கள். தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பட்டக்காரர்கள் கத்திகளைக் கீழே வைத்துவிட்டுப் பாதையோரம் அமர்ந்தார்கள். பல்லி சொல்வதுகூடக் கேட்கவில்லை. பவளத்திட்டில் அலை உடைவது அன்று நின்றுபோனது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். அவர்களோடு வாதாடி என்ன ஆகப்போகிறது.

தட்டி ஏறியது.

காலடி வெளியே வந்தது. நின்றது. மத்தலேனா தலையைத் தூக்கவில்லை. பிறகு பாயின் முனை மெல்ல உயர்ந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. இலேனி வாய் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். மத்தலேனாவின் மடியில் ஃபிலெமோனி வந்து விழுந்தான், ஒரு விசிறியின் கனம்தான் இருந்தான். அடுத்த மூச்சில் ஃபேத்து அவனை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். சாமு ஏறிவந்த ஆஸ்பத்திரி வண்டி முனை திரும்பும்போது ஃபிலெமோனி உறிஞ்ச ஆரம்பித்திருந்தான்.

அந்த வாரமே தராசு மரத்திலிருந்து இறங்கி, கமிட்டி வீட்டுக்குள் தட்டி மறைவுக்குப் போனது. எடையை அம்மாவின் காதில் மட்டும் சொன்னார்கள். குழந்தை இளைத்த வீட்டுக்கு மீன் டப்பா இப்போதும் உண்டு. ஆனால் அதைச் சுமந்துகொண்டு போவது கமிட்டி. முறைபோட்டு ஒரு பெண் அங்கே படுத்துக்கொள்வாள், அம்மாக்காரி தூங்குவாள். செபேலாவின் முறை வந்தால் அவள் குறட்டையில் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று ஒரு புகார் மட்டும் கடைசிவரை தீரவில்லை. மத்தலேனா பாட்டுக் கட்டுவதை விடவில்லை, தாலாட்டுகளாகக் கட்டினாள். விசிலைப் பன்றிகளுக்காக மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஃபிலெமோனியை முதல்முறை எடை பார்த்த நாளில் தட்டிக்கு உள்ளே மூன்றே பேர். அவனைத் தூக்கினாள் மத்தலேனா. மூத்திரம் ஒரு நூலிழை போலப் புறப்பட்டு, தோள்வரை எட்டாமல், அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"ஐயோ அக்கா, துணி தரேன்," என்று இலேனி எழுந்தாள்.

"உட்காரு," என்றாள் மத்தலேனா. அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், காயும்வரை.