எழுதினவர் சிரிக்கக் கூடாது

முக்காய் தொக்கிக்கோ தொலைக்காட்சிக்குப் போனது எழுதுவதற்கு. அவளை வேலைக்கு எடுத்ததோ சிரிப்பதற்கு. இந்த ஒரு குளறுபடியை முப்பது வருஷமாகியும் அவளால் நேர் செய்ய முடியவில்லை.

ஓசாக்காவில் அவளுடைய அப்பா பொதுக் குளியல் நிலையம் நடத்தினார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் கூரையைத் தொடாத ஒரு சுவர். இரண்டு பக்கமும் தெரிகிற உயரமான இருக்கையில் உட்கார்ந்து சில்லறை வாங்கிப் போட்டே வளர்ந்தவள் அவள். ஊர் வம்பெல்லாம் ஆவியோடு ஆவியாக மேலே வரும். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போடுவார்கள். கேட்டதையெல்லாம் நகைச்சுவைக் காட்சிகளாக எழுதி, இருபத்திரண்டு வயதில் ஒரு கட்டுக் காகிதத்தோடு போய்ச் சேனலில் நின்றாள்.

தயாரிப்பாளர் இனோக்குமா அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்த தொக்கிக்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அது பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போகிற சிரிப்பு. களைத்துப்போயிருந்த தோமோசோ, அப்போதே பெரிய நடிகர், நிமிர்ந்து நின்று அந்த வசனத்தை இன்னொரு தடவை சொன்னார். அன்றைக்கே வேலை கிடைத்தது. அந்த ஊர் நிகழ்ச்சிகளில் எழுத்தாளர்கள் கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்க வேண்டும், நடிக்கிறவர்களுக்கு அது தெம்பு. அதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் இனோக்குமாவுக்கு.

செவ்வாய்க்கிழமைதோறும் வாசிப்பு நடக்கும். எழுத்தாளர்கள் கொடுத்ததை நடிகர்கள் நின்றபடி வாசிப்பார்கள். சிரிப்பு வந்தால் படப்பிடிப்பு, வராவிட்டால் குப்பைக்கூடை. அங்கே இனோக்குமா வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எழுதினவர் சிரிக்கக் கூடாது.

தொக்கிக்கோவின் முதல் காட்சி குளியல் நிலையத்தில் நடப்பது. பெண்கள் பக்கமிருந்து மனைவி புருஷனைத் திட்டிக்கொண்டே சோப்பைச் சுவருக்கு மேலே எறிகிறாள். பிடித்தவன் வேறொருவன், அவன் புருஷனுக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகிறான். தோமோசோ நன்றாகத்தான் வாசித்தார். நாலாவது வசனத்தில், எழுதினவள் அவள்தான் என்பதை மறந்து, பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"தொக்கியே சிரிக்கல. இதுல என்ன இருக்கு?" என்று காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இப்படியே நாலு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை அந்தப் பைத்தியக்காரி ஒரு காரியம் செய்தாள். சக்காகுச்சி என்று புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். மரியாதை தெரிந்தவன், நகைச்சுவை மட்டும் மருந்துக்கும் வராது. ஒரே ஒரு வாரம் உன் பெயரைக் கொடு என்று கேட்டாள். அவனும் அக்கா சொன்னால் சரி என்றான். அதே குளியல் காட்சி, அவன் பெயரில் வாசிக்கப்பட்டது. குப்பைக்குப் போன நாலு வசனம் யாருக்கு நினைவிருக்கும்? தொக்கிக்கோ சிரித்தாள், அறையே உருண்டது.

ஒரு வாரம் இருபது வருஷமானது. சக்காகுச்சிக்கு விருது கிடைத்தது, எழுத்துப் பள்ளியில் ஆசிரியர் பதவி வந்தது. குளியல் காட்சி தன் சிறுவயதில் தெருக்கோடிக் குளியல் நிலையத்தில் பிறந்தது என்று பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தான். அவன் பிறந்த வீட்டிலோ மூன்று குளியலறை! தொக்கிக்கோ அதை ரயிலில் நின்றபடி படித்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கிய கையோடு தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டாள்.

"கேட்டாங்க, ஏதாவது சொல்லணுமேக்கா," என்றான். "உங்க பேரைச் சொன்னா நாம இத்தனை வருஷம் ஏமாத்தினது வெளிய வரும். ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அவன் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தன் எழுத்து ஒரே ஒரு தடவை தன் பெயரோடு திரையில் வர வேண்டும், அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். தயாரிப்பாளராகிவிட்டால் யாரையும் சிரிக்கவைத்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதற்காக எத்தனை பேருக்குக் குனிந்தாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது.

ஐம்பத்து மூன்று வயதில் அது கிடைத்தது. இனோக்குமா ஓய்வு பெற்றதும், புத்தாண்டுக்கு ஒரு மணி நேர நேரடி நிகழ்ச்சியை அவளிடம் கொடுத்தார்கள். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்ற தம்பதி கிழவர்களான பிறகு நடக்கும் கதையை எழுதி, பிரதியின் மேலட்டையில் எழுத்து என்று தன் பெயரை அச்சடித்தாள். தோமோசோ அட்டையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இனோக்குமாவும் ஊரார் எழுதியதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர்தான். தயாரிப்பாளர்கள் என்றால் அப்படித்தான் என்று தோமோசோவுக்குத் தெரியும். தொக்கிக்கோ அந்தச் சிமிட்டலைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். சக்காகுச்சியைச் சேனலே விருந்தாளியாக முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தது.

மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி தொடங்கி இரண்டு நிமிஷம். அரங்கத்தில் ஒரு செருமல்கூட இல்லை. எழுபது வயதுத் தோமோசோவின் கண்கள் கேமராவுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அவளைத் தேடின. குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு வசனத்தை விழுங்கினார். நேரடி ஒளிபரப்பு, நிறுத்த முடியாது. முப்பது வருஷம் காத்திருந்த எழுத்து அவள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. தொக்கிக்கோ படிகளில் ஓடி இறங்கி, கேமராவுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

தோமோசோவுக்கு உயிர் வந்தது. அடுத்த வசனத்துக்கு முதல் வரிசை சிரித்தது, அதற்கடுத்ததற்கு முந்நூறு பேரும் சிரித்தார்கள். கடைசியில் சோப்பு சுவரைத் தாண்டிப் பறந்தபோது ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் எழுதியது. ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது.

கைதட்டல் அடங்கியதும் தோமோசோ மேடை விளிம்புக்கு வந்து அவளை நோக்கி விரலை நீட்டினார். கேமரா அவள் முகத்துக்குத் திரும்பியது.

"ஏம்மா தொக்கி, அட்டையில பேரைப் போட்டுக்கிட்டியே, அதோட சும்மா இருக்கக் கூடாதா? இப்படிச் சிரிச்சு மாட்டிக்கிட்டியே! எழுதினவ சிரிக்க மாட்டாம்மா. சக்காகுச்சி, எழுந்திருப்பா. எல்லாருக்கும் ஒரு வணக்கம் போடு."

சக்காகுச்சி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்தான்.

அரங்கம் சிரித்தது. அந்த நேரம் பார்த்து அரங்கத்துத் திரையில் அவள் முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'எழுத்து: முக்காய் தொக்கிக்கோ' என்று வந்தது. நிகழ்ச்சியின் கடைசி நகைச்சுவை அதுதான் என்று நினைத்து, ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.