ஏரியலில் ஈரம்

மாடியில் குடியிருக்கும் பெண் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். நேற்று அவளுக்குக் கொஞ்சம் ரசம் கொடுக்கலாமென்று படியேறினேன். ஈயம் பற்றவைக்கிற புகை வாசனை வந்தது. அது மூக்கில் ஏறினால் எனக்குக் கால் நகராது. மேஜைமேல் சின்னச் சின்னதாய் இரண்டு பலகைகள். ஒன்று அனுப்புமாம், மற்றது வாங்குமாம். மைக்ரோ கண்ட்ரோலர் என்று கறுப்பாய் ஏதோ பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. "அனுப்புதுங்க, வாங்கத்தான் மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இதில் என்ன தெரியும்? ஆனாலும், ஏரியல் பக்கத்தில் என்ன இருக்கிறது பார் என்று வாய் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்ததும் வெட்கமாகி இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ரேடியோப் பித்து. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் புதுச்சத்திரம் பக்கம் வந்தேன். சீராகக் கொண்டுபோன ரேடியோவை மூன்றாம் நாளே பிரித்துப் பரப்பிவிட்டார். என் அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பாள். எனக்கோ, ஒரு மனுஷன் இத்தனை கவனமாய் ஒன்றைப் பார்ப்பாரா என்று ஆச்சரியம்.

எங்கள் கிணறு வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி வெள்ளாமைக் காட்டுக்குள் இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாமனார் மோட்டார் கொட்டாயிலேயே காத்துக் கிடப்பார். அதற்காகத்தான் இவர் அங்கே அனுப்புகிற பெட்டி ஒன்றும், வீட்டில் வாங்குகிற பெட்டி ஒன்றும் செய்தார். அங்கே கரண்ட் வந்தால், இங்கே அணைக்கிறவரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுப் பெட்டியின் ஏரியலுக்கு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினார்.

மாமனாருக்கு நம்பிக்கை இல்லை. "மார்கழி பொறக்கறதுக்குள்ள ஒழுங்கா அடிச்சாச் சரி. இல்லீனா ரிக்கு வண்டியில ஏறிக்க சாமி" என்றார். போர் போடுகிற ரிக்கு வண்டியில் வேலைக்கென்று வடக்கே போனால் திரும்ப எட்டு ஒன்பது மாதமாகும். நான் வந்தே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போகாதீங்க என்று சொல்ல எனக்கு ஏது வாய்? வெந்த பருப்பையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருந்தேன்.

மணி நன்றாகத்தான் அடித்தது. ஆனால் திடீரென்று மூன்று நாள் ஊமையாகும், அப்புறம் தானாகச் சரியாகும். ஒவ்வொரு ஈயப் பற்றையும் மறுபடி சூடு வைப்பார். பேட்டரி மாற்றுவார். சைக்கிளில் காட்டுக்கும் வீட்டுக்கும் அலைவார். ஊமையான நாளுக்கெல்லாம் காலண்டரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

அன்றைக்கும், காட்டில் கரண்ட் இருந்தும் மணி ஊமை. மறுநாள் காலையில் வண்டிக்காரர் ஆள் கேட்டு வருவதாக இருந்தது. நான் அன்று வீட்டுக்குத் தூரம். சமையல்கட்டுப் பக்கம் போகாமல் கொட்டகைத் தாழ்வாரத்தில் தனிப்பாய். அவருடைய மேஜையும் அங்கேதான். சும்மா இருக்க முடியாமல் காலண்டரைப் புரட்டினேன். அக்டோபரில் மூன்று குறி, நவம்பரில் மூன்று, டிசம்பரில் அன்றைக்கு ஒன்று. அத்தனையும் என்னுடைய நாட்கள்.

புடவையெல்லாம் வாசல் கொடியில் காயும். அந்த மூன்று நாள் துணியை மட்டும் ஆண்கள் கண்ணில் படாமல் உலர்த்த வேண்டும். யாரும் போகாத இடமென்று, அந்தச் செம்புக் கம்பியிலேயே போட்டு, கீழ் முனை பறக்காமல் மண் சுவரில் சொருகிவைப்பேன். வெயில் வராத இடம், ஈரம் போகவே போகாது.

ஓடிப்போய்த் துணியை உருவி மடியில் மறைத்தேன். உடனே மணி அடித்தது. அப்பாடா என்று வந்து பார்த்தால், மணிச் சத்தம் கேட்டு வந்திருந்த அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"தானாச் சரியாவறது தானாக் கெட்டும் போவும். காரணம் தெரியாம அப்பங்கிட்ட எப்படிக் காட்டறது? ரிக்குக்கே போறேன்."

அதற்குமேல் பேசாமலிருக்க முடியவில்லை.

"ஏனுங்க, அந்தக் கம்பியில என்ற துணி கெடந்துச்சுங்க."

"என்ன துணி?"

காலண்டர் குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். அவரும் விரல் வைத்து எண்ணினார். அப்புறம் சொன்னாரே ஒரு வார்த்தை!

"மறுக்கா நனைச்சுப் போடு அம்மிணி, பாத்துரலாம்."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆனாலும் போட்டேன். மணி நின்றது. எடுத்தேன், அடித்தது. மூன்று தடவை. கம்பிக்கு வருவதெல்லாம் ஈரத்துணி வழியாகச் சுவருக்குள் இறங்கிவிடுகிறதாம். மூன்றாவது தடவை அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்.

மறுநாள் வண்டிக்காரர் தின்பண்டம் தின்றுகொண்டிருக்கும்போதே மணி கணீரென்று அடித்தது. என்னடா கோளாறு இருந்தது என்று மாமனார் கேட்டார். "ஏரியல்ல ஈரமுங்கப்பா" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வண்டிக்காரர் வேறு ஆள் தேடிப் போனார். அன்று மத்தியானமே, தென்புறம் நல்ல வெயில் விழுகிற இடத்தில், தட்டி ஒன்று மறைவுக்குக் கட்டி, எனக்கென்று ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார்.

அதில் எத்தனையோ வருஷம் துணி மொடமொடவென்று காய்ந்தது. பிறகு ரோட்டை அகலப்படுத்த வீட்டை இடித்தார்கள். கிணறும் வற்றிப் போயிற்று. நாலு வருஷத்துக்கு முன் அவரும் போய்விட்டார். கடைசி வரைக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் ஈரம் என்றுதான் சொன்னார். என்ன ஈரம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்படி எனக்காக ஒன்றை மறைத்துவைக்க இனி யாருமில்லை. அதனால்தான் நானே சொல்லிவிட்டேன்.